தோல் பதனிடும் ஊர்களில் காய்கறித் தோட்டம்

வேலூர் ஜில்லாவில் குடியாத்தத்திற்கு மேற்கே, ஆந்திர எல்லையை நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள பேரணாம்பட்டு, தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்த பட்டணம். 2011ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அங்கே வசிப்போர் ஐம்பதினாயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள். அவர்களிற் பலர் தோல் ஷாப்புகளில் கூலி வேலை செய்தும், வீட்டில் இருந்தபடியே பீடி சுற்றியும் ஜீவனம் செய்கிறவர்கள். இப்பட்டணத்துச் சந்துகளில் கீரையும் காயும் விளைவிப்பதைப் பற்றிச் சுற்றுக் கிராமத்து நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் ஏன் கவலை கொள்ளவேண்டும் என்று ஓர் ஐயம் எழலாம். தோல் ஷாப்புகளின் கழிவு நீர் எந்தக் குடியானவர்களுடைய கிணறுகளைக் கெடுத்ததோ, அதே குடியானவர்களுடைய நிலங்களிலிருந்துதான் அச்சந்துகளுக்குக் காய்கறி வரவேண்டியிருக்கிறது. ஆகையால் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பேசுவதற்கில்லை.

ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி கிடைப்பதில் இன்று பெருங் குறை இல்லை. 2011ஆம் வருஷம் ஜூன் மாதம் முதல் நியாய விலைக் கடைகளில் குடும்ப அட்டைக்கு உரிய அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 1982ஆம் வருஷத்தில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022ஆம் வருஷத்தில் தொடங்கிய காலைச் சிற்றுண்டித் திட்டமும் உள்ளன. பருப்பும் எண்ணெயும் சர்க்கரையுங்கூடக் கடையில் கிடைக்கின்றன. கீரையும் காயும் மட்டும் எந்த அட்டையிலும் எழுதப்படவில்லை. அவற்றைத் தினந்தோறும் ரொக்கம் கொடுத்தே வாங்கவேண்டும். கூலி குறைந்த வாரத்தில் முதலில் நின்றுபோவன அவையே. இதன் விளைவு வயிற்றுப் பசியாக வெளியே தெரிவதில்லை. இரத்தக் குறைவாக உள்ளே தங்குகிறது. 2019-21ஆம் வருஷங்களில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கும், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கும் இரத்தச் சோகை காணப்பட்டது. இதற்குக் காரணங்கள் பல உண்டெனினும், தட்டில் சோறு மிகுந்து மற்றவை குறைந்திருப்பது அவற்றுள் முக்கியமானது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார், வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழமும் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டிற்கு இது ஏறக்குறைய இரண்டு கிலோ காய்கறி ஆகிறது. தினக் கூலிக்காரர் வீட்டில் இவ்வளவு காய் ஒரே நாளில் நறுக்கப்படுவது அரிது.

உப்பு வந்த வழி

பேரணாம்பட்டுப் பிரதேசம் ஆதியில் வறண்ட பூமி அன்று. அருகிலுள்ள சாத்கர் மலையடிவாரத்துப் பழத் தோட்டங்கள், நவாபுகளின் காலத்திலிருந்து பெயர் பெற்றவை. மலட்டாறு தன் பெயருக்கேற்ப வருஷத்தில் பெரும்பகுதி மணலாய்க் கிடந்தாலும், அதன் கரையோரத்துக் கிணறுகள் ஊறிக்கொண்டிருந்தன. இவ்வாறு பாலாற்றிற் சேர்வது. பாலாற்றின் கதியும் இதைப் போன்றதே.

கெடுதி நேர்ந்த விதத்தைக் குடியானவர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். மருந்து இன்னதென்று தெரிவது நோய் இன்னதென்று தெரிந்த பின்னரே. உரித்த தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாக உப்பு இட்டு வைக்கிறார்கள். தோல் ஷாப்பில் அதை முதலில் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு அவ்வளவும் நீரில் இறங்குகிறது. பின்பு மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் சேர்கின்றன. அதன்பின் பதனிடுதல். முன்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அனுப்புவதை விட்டு, முற்றும் முடித்த தோலையே வெளிநாட்டிற்கு அனுப்பவேண்டும் என்று 1970களில் சர்க்கார் கொள்கை வகுத்த பிறகு, குரோமிய உப்பினால் பதனிடும் முறை மேலோங்கியது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறதென்று பின்னர் வழக்கில் எடுத்துக் காட்டப்பட்டது. சாக்கடைக்கும் ஏரிக்கும் ஆற்றுக்கும் போனது அந்த நீர்தான்.

1996ஆம் வருஷம் ஆகஸ்ட் 28ஆம் தேதி, வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அசுத்தம் செய்தவரே அதற்குரிய செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தில் நிலைபெற்றது அத்தீர்ப்பினால்தான். தோல் தொழிற்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் முழுவதுமோ ஓரளவோ பயனற்றுப் போயிற்றென்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்தார் செய்த கணக்கு அதிற் குறிப்பிடப்பட்டிருக்கிறது. நஷ்டத்தை நிர்ணயிக்க ஏற்படுத்தப்பட்ட அதிகார சபை, 2001ஆம் வருஷத்தில் 186 கிராமங்களில் 15,164 ஹெக்டேர் நிலத்திற்கு, 29,193 பேருக்கு, 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று தீர்மானித்தது. வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்குச் சராசரி ஏழாயிரம் ரூபாய் சொச்சம். இழந்தது ஒரு போகமன்று, தலைமுறைக் கிணறு என்பதை நினைக்கும்போது இது பெருந் தொகை ஆகாது. 2025ஆம் வருஷம் ஜனவரி 30ஆம் தேதி அதே கோர்ட்டு இவ்விஷயத்தை மறுபடி விசாரித்து, நஷ்டஈடு இன்னும் பெறாதவர்களுக்கு ஆறு வாரத்திற்குள் கொடுக்கவும், நிலத்தையும் நீரையும் சீர்படுத்த ஒரு குழு அமைக்கவும் உத்தரவிட்டது. தம் கிராமத்தில் நஷ்டஈடு பெறாதவர் யாரேனும் உளரா என்பதைக் கிராம நிர்வாக அதிகாரிகள் தம் பதிவேடுகளைக் கொண்டு சரிபார்த்துத் தாலுகாக் கச்சேரிக்கு எழுதுவது நலம்.

தொழிற்சாலைகள் தனித்தனியாகவோ ஒன்று சேர்ந்தோ சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்திருக்கின்றன. ஆயினும் சாதாரணச் சுத்திகரிப்பு நாற்றத்தையும் அழுக்கையும் நீக்குமேயன்றி நீரிற் கரைந்த உப்பை நீக்காது. அதற்குச் சவ்வூடு வடிகட்டும் இயந்திரமும் நீரை ஆவியாக்கும் இயந்திரமும் வேண்டும். இவை பிற்காலத்தில் வந்தவை. அதற்குமுன் பல பத்து வருஷங்களாக நிலத்தடியில் இறங்கிய உப்பு ஒரு மழையிலோ இரண்டு மழையிலோ போய்விடாது.

பிற இடங்களில் நடந்தது

நகரத்திற் பயிரிடுவது புதிய யோசனையன்று. 1943ஆம் வருஷத்தில் வங்காளத்தில் பஞ்சம் தாக்கி, பர்மா அரிசியும் நின்றிருந்த சமயத்தில், அதிக உணவு உற்பத்தி இயக்கம் தொடங்கப்பட்டபோது, பங்களா முற்றங்களிலும் ஆபீசு வளாகங்களிலும் காய்கறி போடும்படி ஜனங்கள் தூண்டப்பட்டனர். யுத்தம் முடிந்ததும் அந்த ஆர்வமும் தணிந்தது. தமிழ்நாட்டில் 2013ஆம் வருஷத்தில் தோட்டக்கலைத் துறையார் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாடித் தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கத் தொடங்கினர். பை, தென்னை நார்க் கழிவு, விதை முதலியன அடங்கிய இத்தளைகளுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. ஆனால் மாடித் தோட்டத்திற்கு முதலில் மாடி வேண்டும். அதுவும் சொந்த மாடியாயிருத்தல் வேண்டும். ஓட்டு வீட்டிலும் கல்நார்த் தகட்டின் கீழும் வாடகைக்கு இருப்போரை இத்திட்டம் எளிதில் எட்டக்கூடியதன்று. கீரைக்குப் பணம் இருப்போருக்கே கீரைத் தோட்டமும் கிடைக்கும்படி ஆவது இத்தகைய திட்டங்களில் அடிக்கடி நேரும் குறை.

பேரணாம்பட்டுக்குப் பொருந்தும் படிப்பினை இரண்டு இடங்களில் உண்டு. ஒன்று கியூபாவின் தலைநகரமான ஹவானா. 1991ஆம் வருஷத்தில் சோவியத் தேசம் கலைந்ததும் கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெயும் ரசாயன உரமும் நின்றன. அந்நகரத்தார் காலி மனைகளில் தாழ்ந்த சுவர் கட்டி, அதனுள் வேறிடத்து மண்ணையும் மக்கிய எருவையும் நிரப்பிக் காய்கறி செய்தனர். மனையின் அடிமண் நல்லதா கெட்டதா என்ற கேள்வி அங்கே எழவில்லை. பயிர் அதைத் தொடுவதே இல்லையல்லவா! மற்றொன்று கல்கத்தாவின் கிழக்கேயுள்ள தாபா. நகரத்துக் குப்பை மேட்டிலும் சாக்கடை நீரிலும் நூறு வருஷங்களுக்கு மேலாக அங்கே காய்கறி விளைந்து, மலிவாக நகரத்துக்குள் வந்து கொண்டிருக்கிறது. 2002ஆம் வருஷத்தில் ராம்சார் பட்டியலிற் சேர்ந்த 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலப் பகுதியைச் சேர்ந்தது இது. ஏழைகளுக்குப் பெரிய உதவியே. ஆனால் கல்கத்தாவின் தோல் ஷாப்புகளின் கழிவு நீரும் அதே கால்வாய்களில் ஓடியபடியால், அவ்விடத்துக் காய்கறிகளில் குரோமியம் முதலிய உலோகங்கள் கலந்திருப்பதை ஆராய்ச்சியாளர் பலமுறை கண்டிருக்கின்றனர். மலிவாகக் கிடைக்கிறதென்று கெட்ட நீரில் விளைந்ததை ஏழைக்குக் கொடுப்பது உதவியாகாது. பேரணாம்பட்டில் பின்பற்றத் தக்கது ஹவானாவின் முறையே, தாபாவின் முறையன்று.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

ஒரு வீட்டில் 50 சதுர அடி இடம் கிடைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். முளைக்கீரை 25 நாளில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ, நன்கு பராமரித்தால் சற்று அதிகம், கொடுக்கும். 50 சதுர அடி ஏறக்குறைய நாலரைச் சதுர மீட்டர். பாத்திகளை வாரம் ஒன்றாக விதைத்து வந்தால் தினம் 150 முதல் 180 கிராம் கீரை கிடைக்கும். முன்னே கூறிய இரண்டு கிலோவில் இது பத்தில் ஒரு பங்குகூட அன்று. ஆகையால் வீட்டுத் தோட்டத்தினால் ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவை தீர்ந்துவிடும் என்று சொல்வது ஜனங்களை ஏமாற்றுவதாகும்.

ஆனாலும் அந்த 150 கிராம் அற்பமன்று. கூலி இல்லாத நாளிலும் அது வரும். வண்டிக்காரரிடம் கடன் சொல்லவேண்டியதில்லை. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் தினம் ஒரு பிடி கீரை நிச்சயமாகிறது. மற்ற ஒன்பது பங்கு சுற்றுக் கிராமத்து வயல்களிலிருந்தே வரவேண்டும். இந்த இரண்டு வழிகளையும் சேர்த்தே யோசிக்கவேண்டும்.

நீரும் மண்ணும்

பேரணாம்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் கிணற்றுக்குக் கிணறு நீர் மாறுபடும். மலையோரத்துக் கிணறு இனிப்பாயிருக்க, அரை மைல் தள்ளி ஆற்றோரத்துக் கிணறு கரிக்கும். நாக்கினால் சோதிப்பது போதாது. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான புட்டியை அதே நீரால் மூன்று தரம் அலம்பி, ஒரு லிட்டர் பிடித்து, சர்வே நம்பரும் தேதியும் எழுதி ஒட்டி மண் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பவேண்டும். சித்திரையில் ஒரு தரமும் மார்கழியில் ஒரு தரமும் அனுப்பினால் கிணற்றின் குணம் முழுவதும் விளங்கும்.

உப்பின் அளவு மின் கடத்தும் திறனாகக் கூறப்படும். அதன் அலகு டெசிசீமன். கவனமாகப் பாய்ச்சினாலும் மண்ணில் தங்கும் உப்பு நீரில் உள்ளதைப் போல ஒன்றரை மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. மண்ணில் ஒன்றைத் தாண்டினாலே பீன்ஸும் காரட்டும் இளைக்கும். கத்தரி, வெண்டை, முள்ளங்கி, வெங்காயம் ஆகியன ஒன்றேகால் வரை பொறுக்கும். மிளகாய் ஒன்றரை வரை, பாலக் இரண்டு, தக்காளி இரண்டரை, பீட்ரூட் நாலு, தட்டைப்பயறு ஏறக்குறைய ஐந்து, கொத்தவரை எட்டுக்கு மேலும் தாங்கும். கிணற்று நீர் இரண்டு டெசிசீமன் காட்டினால் மண்ணில் மூன்று ஆகும். அங்கே கத்தரியில் பணத்தைப் போடுவதைவிடக் கொத்தவரையும் தட்டைப்பயறும் போடுவதே உசிதம். இவ்விரண்டும் தோலுள்ளூர்ச் சந்தைகளில் விலைபோகாத காய்களும் அல்ல.

வீட்டுத் தோட்டத்துக்கு நீர் பெரும் பிரச்னை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் குழாயில் குடிக்கவே முறை வைத்துப் பிடிக்கிறார்கள்; அதைச் செடிக்கு ஊற்று என்று எவரும் சொல்லத் துணியார். 50 சதுர அடிக்குத் தினம் சுமார் இருபது லிட்டர் வேண்டும். அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர் ஆகியவற்றைச் சேர்த்தால் ஐவருள்ள வீட்டில் பத்து லிட்டர் கிடைக்கும். சோப்பு கலந்த நீர் கீரைக்கு ஆகாது. அதை முருங்கைக் குழிக்கோ வாழைக் குழிக்கோ விடலாம். மீதிப் பத்து லிட்டருக்குக் கிணற்று நீரும், மழைக் காலத்தில் கூரை நீரும் உதவும். 200 சதுர அடிக் கூரையில் வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்தால், சேதம் போக 13,000 லிட்டர் இறங்கும். அவ்வளவையும் தேக்கி வைக்கத் தொட்டி ஏது? ஆயினும் ஒரு பீப்பாய் மழை நீரை உப்புக் கிணற்று நீருடன் சரிபாதி கலந்தால் உப்பும் பாதியாகிறது. அன்றியும், மழை நாளில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைக்காமல் நனையவிட்டால் தேங்கிய உப்பு அடித்துளை வழியே கழுவுண்டு போகும்.

பீப்பாயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தோல் ஷாப்புக்கு ரசாயனம் வந்த பிளாஸ்டிக் பீப்பாய்களும் சாக்குகளும் இவ்வூர்களில் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் நீர் பிடித்து வைப்பதும் செடி வைப்பதும் அறவே கூடாது. எத்தனை தரம் கழுவினாலும் பயனில்லை. சிமெண்டுச் சாக்கு, அரிசிச் சாக்கு, உடைந்த மண்பானை இவையே போதும்.

மண்ணைப் பொறுத்தவரை உவர் வேறு, களர் வேறு, குரோமியம் வேறு என்பதை மனத்திற் கொள்ளவேண்டும். உவர் நிலம் நல்ல நீரால் கழுவினால் தேறும். களர் நிலத்துக்கு ஜிப்சம் இட்டு, நீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழவேண்டும். குரோமியத்துக்கு இவை இரண்டும் மருந்தல்ல. அது மண்ணோடு பற்றிக்கொண்டு அங்கேயே கிடக்கும். செடிக்குள் ஏறுவது சொற்பம். ஏறியதிலும் பெரும்பகுதி வேரிலேயே தங்கும். ஆகவே சந்தேகமுள்ள மண்ணில் முள்ளங்கி, பீட்ரூட் போன்ற கிழங்குக் காய்களை விலக்கவேண்டும். தரையோடு படரும் கீரையும் வேண்டாம். புழுதியும் சேறும் இலையில் தெறித்து ஒட்டும். காய்ந்த மண்ணில் குரோமியத்தின் ஒரு பகுதி மேலும் கொடிய வடிவத்துக்கு மாறக்கூடும் என்பதால், கழிவுச் சேறு கொட்டிய இடத்தில் குழந்தைகளை விளையாடவிடுவதும் தவறு.

குடியானவர்களிற் பலர் மண்வள அட்டை வைத்திருக்கிறார்கள். 2015ஆம் வருஷத்தில் தொடங்கிய அந்த அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துக்கள், கந்தகம், நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் எல்லாம் இருக்கும். குரோமியம் இராது. அட்டை நன்றாயிருக்கிறதென்று தோல் ஷாப்பின் வடிகாலை ஒட்டிய நிலத்தில் கீரை போட்டுவிடக் கூடாது. உலோகப் பரிசோதனையைத் தனியாகக் கேட்டுச் செய்யவேண்டும். எங்கே கொடுப்பது என்பதை விரிஞ்சிபுரம் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம்.

தொட்டிக்கு மண் வெளியிலிருந்தே வரவேண்டும். செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்பது நல்ல கலவை. தென்னை நார்க் கழிவிலும் உப்பு உண்டாகையால் இரண்டு மூன்று தரம் நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்தே சேர்க்கவேண்டும். கீரைக்கு முக்கால் அடி ஆழம் போதும். தக்காளிக்கும் கத்தரிக்கும் ஒன்றேகால் அடி வேண்டும். ஏரி வண்டல் எடுப்பதானால் தாசில்தாரின் அனுமதி பெறுவதோடு, அந்த ஏரியின் வரத்துக் கால்வாயில் தோல் ஷாப்பு நீர் ஒருகாலத்திலும் கலந்ததில்லை என்று கிராம அதிகாரி நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். இதை ஊர்ப் பெரியவர்களைவிட நன்கு அறிந்தவர் இல்லை.

கீரை வகைகளில் கோ.3 என்னும் கிள்ளுக்கீரை சந்து வீடுகளுக்கு மிக ஏற்றது. இருபதாம் நாள் முதல் கிள்ளலாம். வேரோடு பிடுங்காமல் வாரம் ஒருமுறை கிள்ளிவந்தால் ஒரே விதைப்பு மூன்று மாதம் வரும். இடம் ஒரு முழமே உள்ளவர் முருங்கைக் கன்று ஒன்று வைக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் 1989ஆம் வருஷத்தில் வெளியிட்ட பி.கே.எம்.1 ஆறு மாதத்தில் காய்க்கும். ஓரளவு உப்பையும் பொறுக்கும். மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் வாங்கும் வீடுகளில் இரும்புச் சத்துக்கு அவ்வளவு குறைவிராது. அங்கேயும் இலை வகையின் உயிர்ச்சத்துக்கள் வேண்டியவையே. கீரைக்கு இரும்பு உடம்பில் ஒட்டவேண்டுமானால் ஓர் எலுமிச்சம் பழச் சாறு பிழிவது நல்ல பழக்கம்.

சந்துகளில் ஆடு கட்டாத வீடு அபூர்வம். வேலி இல்லாத கீரைப் பாத்தி ஒரு பகலுக்குமேல் நில்லாது. சாக்குகளை இடுப்பளவு உயரத் திண்ணையிலோ மரச் சட்டத்திலோ வைப்பதே சிக்கனம்.

குப்பையும் எருவும்

வேலூர் நகரத்தில் ஸ்ரீனிவாசன் என்பவர் வழிகாட்டிய திடக்கழிவு மேலாண்மை முறையில், வீட்டுக் குப்பையை வீட்டிலேயே பிரித்து வாங்கி, மாட்டுச் சாணத்தின் உதவியால் மக்கச் செய்து எருவாக்கினர். மகளிர் குழுக்களைச் சேர்ந்தோர் அதில் வேலை செய்தனர். தோல் ஊர்களில் இதைச் செய்யும்போது ஒரு நிபந்தனை: சமையலறைக் குப்பையும் தொழிற்சாலைக் குப்பையும் ஒரே வண்டியில் ஏறலாகாது. குரோமியத்தால் பதனிட்ட தோல் நீல நிறமாயிருக்கும். எருவில் நீலம் பாய்ந்த சீவல்கள் ஒன்றிரண்டு தென்பட்டாலும் அந்தக் குவியல் காய்கறிக்கு உதவாது. அதுபோலவே, இலவசமாகக் கிடைக்கிறதென்று தோல் ஜவ்வையும் மயிரையும் சுத்திகரிப்பு நிலையத்துச் சேற்றையும் வண்டி கட்டிக் கொண்டுபோய் நிலத்தில் கொட்டுவது, கிணறு கெட்டதற்கு மேல் நிலத்தையும் கெடுத்துக்கொள்வதாகும்.

யார் செய்வது

பகல் முழுவதும் முறம் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணிடம் இன்னொரு வேலையைச் சுமத்துவது இலேசு. அவளுக்கு நேரம் ஏது என்று கேட்பார் இல்லை. ஆகையால் தனி வீட்டுத் தோட்டத்தைவிட, அங்கன்வாடி, பள்ளி, மசூதி, கோயில் ஆகியவற்றின் வளாகங்களில் பத்து வீட்டார் முறைபோட்டுப் பார்க்கும் பொதுத் தோட்டமே இவ்வூர்களுக்கு ஏற்றது. கேரளத்தில் 1998ஆம் வருஷத்தில் தொடங்கிய குடும்பஸ்ரீயில் நிலமில்லாத பெண்கள் குழுவாகச் சேர்ந்து, தரிசாய்க் கிடந்த பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி செய்து வருகின்றனர். வேலையை இன்னார் பார்ப்பதென்றும் விளைச்சல் இன்னாருக்கென்றும் முன்கூட்டியே எழுத்தில் உள்ளதால் அங்கே சச்சரவு குறைகிறது. பேரணாம்பட்டைச் சுற்றி ஆளில்லாமையால் தரிசு விட்டிருக்கும் நிலச்சுவான்தார்கள், நல்ல நீருள்ள ஐந்து பத்து சென்ட்டை இவ்வாறு வருஷக் குத்தகைக்கு விடலாம். ஒப்பந்தம் எழுத்து மூலமாகவும் காலவரையுடனும் இருத்தல் நலம்.

கிராம நிர்வாக அதிகாரிகளுக்கு இதில் மூன்று காரியம் உண்டு. எந்தக் கிணறு இனிது, எது கரிப்பு என்ற விவரத்தைப் பரிசோதனைத் தாளுடன் ஊராட்சி ஆபீசில் எல்லோரும் பார்க்க வைப்பது முதலாவது. பொதுத் தோட்டத்துக்குக் கேட்கப்படும் இடம் நீர்நிலைப் புறம்போக்கா, மேய்ச்சல் நிலமா, வேறா என்பதை முன்னரே சொல்லிவிடுவது இரண்டாவது; பயிர் வைத்தபின் பிடுங்கச் சொல்வதால் ஜனங்களுக்கு அடுத்த முறை ஊக்கம் பிறப்பதில்லை. இரவில் லாரியில் கழிவு நீர் கொண்டுவந்து ஓடையில் விடுவோரைப் பற்றி உடனே மேலிடத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதுவது மூன்றாவது.

விற்பனையைப் பற்றிய ஒரு சொல். நல்ல நீருள்ள குடியானவர் பலர் விளைந்ததை எல்லாம் மண்டிக்கு ஏற்றி, கமிஷனும் கூலியும் சேதமும் போக மிஞ்சியதை வாங்கி வருகிறார்கள்; அதே காய் இரண்டு கை மாறி மறுநாள் பேரணாம்பட்டுச் சந்துக்கு வாடலாகத் திரும்புகிறது. இடைத்தரகரின்றி விற்பதற்காகவே 1999ஆம் வருஷம் நவம்பர் 14ஆம் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. நாலைந்து குடியானவர் சேர்ந்து, ஒரு சிறு வண்டியில், தோல் ஷாப்புகளில் கூலி போடும் நாள் பார்த்து, வேலை விடும் மாலை நேரத்தில் தெருவுக்கே கொண்டுபோனால் மண்டி விலைக்கு மேல் தமக்கும், கடை விலைக்குக் கீழ் வாங்குவோருக்கும் கிடைக்கும். கொத்தவரை, தட்டைப்பயற்றங்காய், அரைக்கீரை, முருங்கைக் காய் ஆகிய நான்கும் தொடக்கத்துக்குப் போதும். விலையை எடைக்கட்டாகக் கட்டி முன்பே எழுதி ஒட்டிவிட்டால் பேரம் பேசும் நேரம் மிச்சம்.

ஆடிப் பட்டத்துக்கு விதையும், கிள்ளுக்கீரைக்கு மானியம் உண்டா என்ற விவரமும் வேண்டுவோர், ஆனி மாதத்திலேயே பேரணாம்பட்டு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்கலாம். போகும்போது கிணற்று நீர்ப் பரிசோதனைத் தாளையும் கையில் கொண்டுபோக வேண்டும். அதைப் பார்த்தே எந்த விதை தகுமென்று சொல்ல இயலும்.